மணிக்கூண்டு வீட்டில் மின்தடை இல்லை

மணிக்கூண்டின் இரண்டு கைகளும் சோப்பு நுரையில் இருந்தன. ஆக்சிஜன் மெஷினின் பக்கத்தில் செருகியிருக்கும் கறுப்புப் பஞ்சு வடிகட்டியை அழுத்தித் தேய்க்காமல், அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். தேய்த்தால் கிழியும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாரம் ஒருமுறை அலச வேண்டும். அவள் அதற்கு ஒதுக்கியிருப்பது வியாழக்கிழமை மதியம் இரண்டேகால். அப்போது கரண்ட் இருக்காது, மெஷின் சும்மாதான் நிற்கும். துண்டில் ஒற்றி வைத்தால் நாலு மணிக்குள் காய்ந்துவிடும்.

அவளுக்கு அந்தப் பெயரைத் தெருவே வைத்தது. ஒன்றரை அடித்ததும் வாசலில் நின்று, "அரை மணிதான் இருக்கு, மோட்டார் போடறவங்க போட்டுக்கங்க" என்று குரல் கொடுப்பாள். அவள் தொழில் துணி தேய்ப்பது. ஒரு அறையும் சமையல்கட்டும் கொண்ட வீட்டில் தேய்ப்பு மேஜைக்கு ஒரு பக்கம், கணவர் கட்டிலுக்கு ஒரு பக்கம். இஸ்திரிப் பெட்டியையும் மெஷினையும் சேர்ந்தாற்போல் ஒரே பிளக்கில் மாட்டினால் ஃபியூஸ் போய்விடும் என்று மெஷினுக்குத் தனி வயர் இழுத்து வைத்திருந்தாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே குழாயை மெஷினிலிருந்து சிலிண்டருக்கு மாற்றிவிடுவாள். மூன்று வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. நான் முப்பது வருஷம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்தவள். அந்த ஒழுங்கு வார்டில்கூடக் கிடைக்காது.

கணவர் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். இப்போது கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். வாய்ப்பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

அன்று வடிகட்டி துண்டுக்குப் போன நேரத்தில் ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். மின்சாரம் பற்றிக் கருத்துக் கேட்கிறார்களாம். உட்காரச் சொன்னோம். அவள் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தாள்.

"கடந்த ஏழு நாட்களில் உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் மின்சாரம் தடைபட்டது?"

"தடையா? ஒண்ணும் இல்லம்மா. இங்க கரண்ட் போகாது."

அந்தப் பெண் நின்றுபோயிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இல்லையேம்மா?"

"இது ரெண்டுலேர்ந்து நாலு. எப்பவும் இருக்கறதுதான். சொல்லாம கொள்ளாம போனாத்தானே கட்?"

லிஃப்ட்காரர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "நாங்களும் சாப்பாட்டு நேரத்துல லிஃப்டை நிறுத்துவோம். ஒருத்தனும் லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னதில்ல."

கேள்விக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது அந்தப் பெண்ணுக்கு வேலையில் கொடுத்த உத்தரவு. பூஜ்யம் போட்டாள். அடுத்ததை வாசித்தாள். "மின்சாரம் கிடைப்பது பற்றி உங்களுக்கு எவ்வளவு கவலை? ஒன்று என்றால் கவலையே இல்லை. ஐந்து என்றால் மிகவும் கவலை."

மணிக்கூண்டு சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், பிறகு கட்டிலை. "ஒண்ணு போடு."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"என்னத்தை யோசிக்க? வெளிநாட்டுல இருக்கற என் தங்கச்சி வீட்டுல போன மாசம் நாப்பது நிமிஷம் கரண்ட் போச்சாம். ஒரு வாரமா அதே பேச்சு. கடையில டார்ச் லைட்டே கிடைக்கலையாம். பாவம், அதுங்களுக்குப் பழக்கமில்ல."

"இதே கேள்வியை அங்கயும் கேக்கறாங்கம்மா. பதினோரு நாட்டுல கேக்கறாங்க."

"அப்ப என் மச்சினி அஞ்சு போட்டிருப்பா" என்றார் லிஃப்ட்காரர். "இவ ஒண்ணு. கூட்டிக் கழிச்சுப் பாக்கறவன், நாமதான் ராஜ வாழ்க்கை வாழறோம்னு முடிவு கட்டுவான்." சிரிப்பு இருமலாக மாறியது. தலையணையை உயர்த்தி, முன்னால் சாய்த்து உட்காரவைத்தேன்.

அந்தப் பெண் டேப்லெட்டை மடியில் கவிழ்த்தாள். "இது என் கேள்வியில இல்ல. மெஷின் வெச்சிருக்கற வீட்டை, கட்டே இல்லாத ஆஸ்பத்திரி லைன்ல சேர்க்கறாங்களே, நீங்க மனு கொடுக்கலையா? திங்கட்கிழமையிலேர்ந்து கரண்ட் கட் நாலு மணி நேரமாகுது. மனு வாங்கறது நாளையோட முடியுது."

"கொடுத்தோம், திரும்பி வந்துடுச்சு. நமக்கெல்லாம் யாரு கொடுப்பா?"

மனு திரும்பி வந்தது எனக்குப் புதுச் செய்தி. நாலு மணி நேரம் என்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு சிலிண்டர்தான். வண்டி சனிக்கிழமை மட்டும் வந்து மாற்றிக் கொடுக்கும். அது பதினைந்து மணி நேரம் வரும். வாரத்துக்குப் பதினாலு மணி நேரம் போக ஒரு மணி நேரம் மிச்சம், அந்த மிச்சத்தில்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. இனி புதன்கிழமையே தீர்ந்துவிடும்.

"அந்தக் காகிதத்தை எடு" என்றேன்.

"திரும்பி வந்ததை என்னத்தைக்கா பாக்கறது?"

"எடு."

துணிக்கட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். மூலையில் நாலே வரி. வாசித்தேன். "தினசரி மின்தடை 'இல்லை' என மனுதாரரே தெரிவித்துள்ளதால், கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் மணிக்கூண்டு. "இல்லைன்னுதானே எழுதணும்?"

"ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மெஷின் ஓடுதா?"

"ஓடாது."

"அப்புறம்?"

துண்டிலிருந்த வடிகட்டியை எடுத்துத் திருப்பி வைத்தாள். நான் அவளை அதிகம் திட்டவில்லை. மெஷின் நிற்கிற நேரத்தில் அதை அலசு என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். வியாழக்கிழமைதோறும் அந்த இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அது தடையாகத் தோன்றியதில்லை.

"பொண்ணே, அந்த ஏழு நாள் கணக்குல பதினாலுன்னு போடு" என்றாள் மணிக்கூண்டு.

அந்தப் பெண் மாற்றினாள். "கவலைக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களே, அதையும் மாத்தணுமாம்மா?"

மணிக்கூண்டு கட்டிலைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும்" என்றாள். அந்தப் பெண் ஏதாவது தேவைப்பட்டால் கூப்பிடச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, லிஃப்ட்காரரை மெஷினில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினோம். மின்வாரிய அலுவலகக் கதவு திறந்தபோது நாங்கள்தான் முதல் ஆள். புது மனுவில் 'தினசரி மின்தடை' என்ற கட்டத்தில் அவள் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: தினமும் மதியம் 2 முதல் 4 வரை. மெஷின் ஓடாது. கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

கவுன்டரில் இருந்தவர் பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போன தடவை இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"போன தடவை இருக்குன்னு தெரியல சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். சனிக்கிழமை ஆள் வந்து மெஷினைப் பார்ப்பார், பார்த்ததும் லைன் மாற்றிவிடுவார்கள் என்றார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று அவள் கேட்டு, அவர் சொன்ன நேரத்தை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

படியிறங்கியதும் துண்டுச் சீட்டைப் பிரித்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"நேத்து துணி தேய்க்கற வீட்டுக்கு வந்தீங்கல்ல, அந்த அம்மாதான் பேசறேன். அந்த ஒண்ணை அஞ்சாக்கிடும்மா. அவர் முன்னாடி சொல்ல முடியல."

போனை வைத்தாள். "பத்தேகால் ஆச்சுக்கா, எட்டுச் சட்டை கிடக்கு" என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தாள். ஒன்றரை மணிவரைக்கும் தேய்த்தாள், பிறகு வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.