கிள்ளான் கடைமாடியில் அழுத மனிதர்

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் லுஹர் தொழுதுவிட்டு என் கணவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறுவார். மார்க்க வகுப்பு என்று சொல்லியிருந்தார். ஏர்கோன் பழுதுபார்க்கிறவர், வாரம் முழுக்க ஏணியும் கையுமாக அலைகிற மனிதர் ஒரு நாள் போய் நாலு நல்ல வார்த்தை கேட்கட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நானும் கிள்ளான் போயிருந்தேன். வாங்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவருமாகத் திரும்பலாம் என்று, வகுப்பு நடக்கும் இடமென்று அவர் எப்போதோ சொல்லியிருந்த தையல் கடையைக் கண்டுபிடித்து மாடி ஏறினேன். பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது. பல குரல்கள் ஒரே மூச்சாக 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று திக்ரு சொல்லிக்கொண்டிருந்தன. சொல்லச் சொல்ல வேகம் கூடியது.

"உள்ள வாங்கக்கா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்று ஒரு பெண் என்னைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்தாள். திரை விலகியிருந்த இடத்தில் அவர் தெரிந்தார். கண் மூடி, இடமும் வலமும் அசைந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் மூன்று மாதக் குழந்தை இறந்தபோது அவனைக் கையிலேந்திக் குழிக்குக் கொண்டுபோனவர் இவர். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்குப் பிறகு அவன் பேச்சை எடுத்ததும் இல்லை.

ரயில் ஷா ஆலம் தாண்டியதும் கேட்டேன்.

"வகுப்புன்னு சொன்னீங்க."

"வகுப்பும் இருக்கு லா. அப்புறம் திக்ரு."

"இது சூஃபிங்க கூட்டம்தானே? நம்ம மார்க்கத்துல இது இருக்கா?"

"நான் தொழாம இருக்கேனா? நோன்ப விட்டேனா?" என்றார். பிறகு வெளியே பார்த்தபடியே, "அங்க போனாதான் எனக்கு அழ வருது" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. முகம் தெரியாத மனிதர்கள் நடுவே வருகிற அழுகை, பெற்றவளான என் முன்னால் ஏன் வரவில்லை?

செமினியிலிருக்கும் அண்ணன் துணி பற்றிக் கேட்க அழைத்தபோது சொல்லிவிட்டேன். "ஷெய்குன்னு ஒரு குரு, கூட்டம், ஆட்டம் எல்லாம் பித்அத், மார்க்கத்துல புதுசா நுழைச்சது. வழிகேடு. உடனே நிறுத்தச் சொல்லு" என்று கத்தினான். சின்ன வயதிலிருந்தே அவன் சொல்லிக் கேட்டு, சூஃபி என்றால் இஸ்லாத்துக்கு வெளியே நிற்கும் யாரோ என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மனம் ஆறாமல், எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போய் எல்லாம் சொன்னேன். குழந்தை இறந்தபோது ஜனாஸா தொழவைத்தவர் அவர்தான்.

"வேற மதம்னு நெனச்சியாம்மா? தொழுகைய எப்படித் தொழணும்னு ஃபிக்ஹு சொல்லும். தொழும்போது மனசு எங்க இருக்கணும்னு தஸவ்வுஃப், அதான் சூஃபி வழி, சொல்லும். அல்லாஹ்வ நேர்ல பார்க்கிற மாதிரி வணங்கணும்னு ஹதீஸ்ல வருதே, இஹ்ஸான், அதுக்கான பயிற்சிதான் இது."

"அப்ப எங்கண்ணன் சொல்றது தப்பா?"

"பூராவும் தப்புன்னு சொல்ல மாட்டேன். சத்தமா திக்ரு சொல்றதுல மார்க்கம் படிச்ச ஆலிம்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு உண்டு. உனக்கு இனி தொழுகை வேணாம்னு ஒரு ஷெய்கு சொன்னா அங்கேயிருந்து ஓடி வந்திடணும். உன் வீட்டுக்காரர் போற இடம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடம் இல்ல." அவர் சிரித்தார். "நானும் ரொம்ப வருஷமா ஒரு சூஃபி தரீக்காவுல இருக்கேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருடக்கணக்கில் நாங்கள் பின்னால் நின்று தொழுத மனிதர்! அண்ணன்கூட இவர் பின்னால் தொழுதிருக்கிறான்.

அன்று வீட்டில் என் கணவரிடம், "போகாதீங்கன்னு சொல்லல. ஆனா இங்கயும் அழுங்க" என்றேன். "முயற்சி பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கல்யாணத்தில் அவருக்குக் கை கொடுத்தான், பிரியாணி போட்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அவர் கிள்ளானுக்குப் போகவில்லை. மாலை அஸர் தொழுத பாயிலேயே உட்கார்ந்து மெல்லிய குரலில் திக்ரு சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். குரல் நின்றது.

"அவன் என் விரலப் பிடிச்சான்ல, ஆஸ்பத்திரில?" என்றார்.

கை கழுவக்கூடத் தோன்றாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆமா, விடவே இல்ல" என்றேன். அவர் அழத் தொடங்கினார்.