மார்ஷ் குடும்பத்தின் ஏழாவது பிள்ளை

1988 மார்ச்சில், வால்தம்ஸ்டோ நூலகத்தில் ஒரு வம்சாவளிச் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மார்ஷ் என்ற குடும்பப் பெயருள்ள அமெரிக்கர்களின் தலைமுறைகளைத் தொகுத்துவந்த ஒரு பெண்மணி, அதில் விவரம் கேட்டிருந்தார். என் நண்பர் ராசா மார்ஷ் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். அவருடைய பூட்டன் ஹென்றி மார்ஷ் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தவர். பூட்டனின் தகப்பன் அமெரிக்கராகத்தான் இருக்கவேண்டும் என்று நானே முடிவுகட்டி, நான்கு தலைமுறைகளை எழுதி அனுப்பிவிட்டேன்.

கேட்டதும் ராசா அண்ணை தலையில் கைவைத்தார். "எட விசரா, பூட்டன்ரை தகப்பன் கந்தர். படிப்புக்குக் காசு அனுப்பின ஆளின்ரை பேரை மிஷன்காரர் பொடியனுக்கு வைச்சவை. அந்த மனிசி புத்தகம் அடிக்க முந்தி எழுதிப்போடு."

வம்சாவளி வரைகையில் ஒரு தேதி பிழைத்தாலே நிம்மதி இழப்பவன் நான். இல்லாத உறவை ஒரு குடும்பத்தின் மேல் சுமத்திவிட்டேனே என்று அன்றே மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன்.

ஏழாம் வாரம் பதில் வந்தது. கூடவே, அந்தப் பெண்மணியின் குடும்ப வேதாகமத்தின் ஒரு பக்கப் பிரதி. படிப்புக்குக் காசு அனுப்பிய அந்த மார்ஷ், தம் பிள்ளைகளின் பிறந்த நாட்களை எழுதிவைத்த பக்கம் அது. ஆறு பெயர்களுக்குக் கீழே, அதே கையெழுத்தில் ஏழாவதாக, "ஹென்றி, யாழ்ப்பாணத்தில்" என்றிருந்தது. அவர் ஒருநாளும் கண்டிராத பிள்ளை. பிறந்த நாளுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

ராசா அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திகதி எங்கடை வீட்டுக் குறிப்பிலை இருக்கு. அனுப்பிவிடு."

உறவினரிடம் கேட்காமல் இப்போது நான் எதையும் அனுப்புவதில்லை. நான் வரையும் ஒவ்வொரு வம்சாவளியிலும், இரத்தத்தால் வராத பிள்ளைகளுக்கென்று ஒரு புள்ளிக்கோடும் உண்டு.