சங்ககிரி அடிவாரத்தில் ஒரு கட்டில்

தங்கை மகள் கைப்பேசியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோழிகளோடு சங்ககிரிக் கோட்டைக்கு ஏறப் போகிறாளாம். "பெரிம்மா, முந்தின நாளும் எறங்குன அன்னிக்கும் தங்கறதுக்கு ரூம் பாக்கறேன். இது எப்படி?" என்று ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில். எனக்கு உடனே டெட்டால் வாசனை அடித்தது. மூக்குக்கு வயதாவதில்லை போலிருக்கிறது, முழங்காலுக்குத்தான் ஆகிறது.

எண்பதுகளின் தொடக்கம். பழைய கட்டடங்களை அளந்து படம் வரையும் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. வரைகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். "அந்தப் பொண்ணு மலைக்கெல்லாம் வேண்டாம், தங்க வைக்கிறது தொல்லை" என்று அதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரு தடவை பாதியில் திரும்பினால் போதும், வேலை நிரந்தரமாகவே ஆகாது. சங்ககிரிக் கோட்டையை அளக்க ஆள் கேட்டபோது வீம்புக்குப் பேர் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு எது இல்லாவிட்டாலும் வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

சங்ககிரி அன்றைக்கே லாரிக்காரர்கள் ஊர். லாட்ஜில், என்னோடு வந்த இரண்டு ஆண்களுக்கும் அறை கிடைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்க்காமல் அவர்களிடமே சொன்னார்: "தனியா பொம்பளையாளுக்கு ரூம் உடறதில்லைங்க." கடைசி பஸ்ஸில் திரும்பிவிடும்படி அவர்களும் சொன்னார்கள். எதிர் டீக்கடைக்காரர்தான், "நர்சம்மா ஊட்ல கேட்டுப் பாருங்க" என்று மலையடிவாரத்தைக் கைகாட்டினார்.

நர்சம்மா பிரசவம் பார்க்கும் அரசாங்க நர்சு. நாற்பது வயதிருக்கும், தனியாள். ஓட்டு வீட்டின் முன்னறையில்தான் பிரசவம். பின்னால் சின்ன அடுக்களை. "ஏனுங்கம்மிணி, இருக்கறது ஒரே கட்டலு. புள்ளை பெக்க வர்றவங்க படுக்கறது. பரவால்லைன்னா படுங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்பே பிரசவக் கட்டிலில் படுத்தவள் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்திதான். கூச்சமாக இருந்தது. ஆனால் விரிப்பு சுத்தமாக, டெட்டால் மணத்தோடு இருந்தது. அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

காலையில் நான் கிளம்பும்போது அவர் சொன்னார்: "இங்க வந்து பன்னெண்டு வருசமாச்சு, ஒரு நாளும் மேல ஏறுனதில்லைங்க. எப்ப ஆரு வலின்னு வருவாங்களோ, ஊட்டை உட்டு நகர முடியறதில்லை. மேல இருந்து பாத்தா என்ற ஊடு தெரியுதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க சாமி."

கோட்டையில் வாசலுக்கு மேல் வாசலாக ஏறி, இடிந்த களஞ்சியத்தையும் சரிந்த மதிலையும் நாள் முழுக்க நாடா பிடித்து அளந்தோம். மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இறங்கும் முன் மதிலோரம் நின்று பார்த்தேன். தெரிந்தது! உள்ளங்கை அகலத்துக்கு ஓடு. பக்கத்தில் கொடியில் வெள்ளையாக ஒன்று. நான் படுத்த விரிப்பைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறார். சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேதான் இறங்க ஆரம்பித்தேன்.

பாதி வழியில் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின. அதற்குப் பிறகு நினைப்பெல்லாம் அந்தக் கட்டில்தான். பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தால், கட்டிலில் ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருக்கிறாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. என்ன பிறவியோ நான்!

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. அடுக்களைல பாய் போட்டிருக்கறனுங்க. காலுக்குச் சுடுதண்ணி எடுத்து வெச்சிருக்கறேன், ஊத்திக்குங்க" என்றவர், அந்த அவசரத்திலும் கதவோரம் நின்று கேட்டார்: "ஊடு தெரிஞ்சுதுங்களா?"

"காலைல சொல்றேங்க்கா" என்றேன். அத்தனை அலுப்பு. அந்தத் தண்ணீரை மட்டும் ஒரு சொட்டு விடாமல் ஊற்றிக்கொண்டேன்.

காலையில் கட்டிலில் பச்சைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. நர்சம்மா விடியும் முன்பே பக்கத்து ஊருக்கு வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தார். எங்களை அழைத்துப்போக வந்த ஆபீஸ் ஜீப்காரர் ஹாரன் அடித்தார். கிளம்பிவிட்டேன்.

வேலை நிரந்தரமாயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ கோட்டைகளை அளந்தேன். ஒரு கார்டு எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்துப் போனபோது அந்த வீடு இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டாராம். எந்த ஊருக்கு என்று சொல்ல ஆளில்லை.

தங்கை மகள் அறை எடுத்துவிட்டாள். மூன்று பெண்கள், இரண்டு ராத்திரி. யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்லதுதான். நான் நின்றதுபோல் யாரும் லாட்ஜ் வாசலில் நிற்க வேண்டாம்.

"மேல இருந்து பாத்தா என்ன பெரிம்மா தெரியும்?" என்றாள்.

"ஒரு ஓட்டு ஊடு தெரிஞ்சுது சாமி. கொடியில என்ற விரிப்பு காஞ்சுட்டு இருந்துது."