ஷாலினியின் முழு உயரப் படம்

என் அக்கா ஷாலினி யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். சின்னசேலத்தில் டிப்ளமா படித்தபோது, எங்கள் காலனி ஸ்டாப்பில் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, நைனார்பாளையத்துக்குள் போய் இறங்கி நடந்தே திரும்பி வருவாள். நான் கூட இருந்தால் கண்டக்டருக்குக் கேட்கிற மாதிரி அவள் பெயரை ஏலம் போடுவேன். அதற்குப் பயந்தே என்னோடு பஸ் ஏறமாட்டாள்.

இப்போது அவளுக்குச் செக் நாட்டில் வேலை, கார் பாகம் செய்கிற கம்பெனியில். போய் ஒரு வருஷம் ஆகிறது. அனுப்புகிற படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: கையை நீட்டி அவளே எடுத்தது, பாதி முகம், மீதி சுவர். அம்மாவுக்கு அதுவே போதும். எனக்கு மட்டும் அந்த நீட்டிய கையைப் பார்த்தால் என்னவோ செய்யும். ‘உன் மூக்கு நல்லாத் தெரியுது’ என்று பதில் போடுவேன்.

போன சனி, ஞாயிறு லீவுக்கு டெல்ச் என்ற சின்னப் பழைய ஊருக்குத் தனியாகப் போனாள். ஞாயிறு மதியம் நானும் அம்மாவும் கூலிக்கு மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தபோது படம் வந்தது. அகலமான வீதி, இரண்டு பக்கமும் மஞ்சள், ரோஸ், பச்சை என்று ஒட்டி ஒட்டிப் பழங்காலத்து வீடுகள். நடுவில் அக்கா, மெத்தையைச் சுற்றிக்கொண்டது போல ஒரு கோட்டில், தலை முதல் கால் வரை. படம் கொஞ்சம் கோணல்.

அம்மா அதைப் பக்கத்தில் கிழங்கு வெட்டிய காசியம்மாள் அத்தைக்குக் காட்டினாள்.

“ஏண்டி கொளஞ்சி, பொண்ணு தனியாத்தான போச்சு? அப்ப போட்டோ யாருடி எடுத்தது?”

அம்மாவின் முகம் கிழங்குத் தோலாகக் கறுத்தது.

“மாப்ள யாரனா எடுத்திருப்பான்” என்று நான் சும்மா எடுத்துக்கொடுத்தேன். அம்மா மண்ணாங்கட்டியைத் தூக்கினாள். உடனே வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன்.

“யாருடி எடுத்தது?”

அக்கா திருதிருவென்று விழித்தாள். “ஒருத்தர்கிட்ட குடுத்து எடுத்தேம்மா.”

“ஆம்பளயா, பொம்பளயா?”

“ஆம்பள.”

அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். “இன்னா வயசு?”

“தாத்தாம்மா. நாய இட்டுகினு வந்தாரு.”

“அதான் கோணிக்கிச்சு. ஒரு கைல நாயி இருந்திருக்கும்” என்றார் அத்தை.

நான் போனுக்குள் தலையை விட்டேன். “நீயாவா கேட்ட?”

“ஆமாண்டா.”

“இன்னா பாஷைல?”

“போன நீட்டினேன், புரிஞ்சிகினாரு. அதுக்கு முன்னாடி நாலஞ்சு பேர வுட்டுட்டேன். வாயே வரல.”

போனை அம்மா பக்கம் திருப்பினேன். அம்மாவுக்கு மூச்சு வந்திருந்தது.

“கேட்டதுதான் கேட்ட, நேரா எடுக்கச் சொல்றதுக்கு இன்னா?”

“அவரு போயிட்டாரும்மா.”

“அந்த ஊர்ல வேற ஆளே இல்லியா? போய்க் கேளுடி!”

அக்கா போனை வைத்தாள். மேஸ்திரி சத்தம் போட்டும் நாங்கள் மூவரும் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் படம் ஒன்றும் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தேன்.

வந்தது. பின்னால் ஏரி. படம் நேராக இருந்தது. எடுத்தவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“கண்ண மூடிகிச்சு பாரு, கழுத. இன்னொருத்தர்கிட்ட கேக்கச் சொல்லுடா.”