வெறும் இடத்தில் மெழுகுவத்தி

நாயுடுபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அருளப்பன், எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் ஏவுகணைப் படகில் இருந்தவர். கடற்படையை விட்டு வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆனார். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "என்னண்ணே, ஏரிப் படகுல ஏறி ரெண்டு குண்டு விடுங்களேன்" என்று டாக்சி ஸ்டாண்டில் சீண்டுவார்கள். அவர் சிரிக்க மாட்டார். சுற்றுலாக்காரர்கள் படகு விடும் எங்கள் ஊர் ஏரிப் பக்கமே போக மாட்டார்.

என்னிடம் ஒருமுறை வாய் திறந்தார். துறைமுக வாசலைக் காக்கக் கட்டிய சின்னப் படகாம் அது. எண்ணெய் அதிகம் கொள்ளாது என்பதால், பெரிய கப்பல் ஒன்று எதிரிக் கரைக்கு அருகே வரை கட்டி இழுத்துப்போய் விட்டதாம்.

"ரேடார்ல பச்சையா ஒரு புள்ளி தெரிஞ்சுது தம்பி. நாந்தான் தூரம் சொன்னேன். ஏவுகணை போச்சு. கொஞ்ச நேரத்துல புள்ளி இல்ல. வெரசா திரும்பிட்டோம். அடிச்சிட்டு ஓடியாறதுதான் அந்தப் படகுக்குச் சோலி. நின்னா நம்ம கதை முடிஞ்சுரும். தண்ணியில கெடந்தவன யாரு தூக்குனா?"

அவர் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். நாட்டைக் காப்பது விளையாட்டா? ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. மூழ்கிப்போன அந்த எதிரிக் கப்பல்காரர்களின் பெயர் தெரியாது, கல்லறை கிடையாது. எங்கே போய் ஜெபம் சொல்வது?

கல்லறைத் திருநாளில் அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளிக்கக் காத்திருப்போம். எண்பத்திரண்டில் அருளப்பன், கல்லறைத் தோட்டத்தில் தனக்கென்று வாங்கிப் போட்டிருந்த வெறும் இடத்தில் வரிசையாக ஏற்றினார். மூடுபனியில் ஏற்ற ஏற்ற அணைந்தன.

மனைவி கித்தேரியம்மாள் பதறிப்போனாள். "உசுரோட இருக்கையில தன் குழிக்கே யாராச்சும் மெழுகுவத்தி ஏத்துவாகளா? நான் தாலி அறுக்கணுமா?"

"எனக்கில்ல கித்தேரி. அந்தக் கப்பல்ல செத்தவங்களுக்கு."

சாமியார் கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த மண்ணிலும் தீர்த்தம் தெளித்தார். அருளப்பன் தேம்பித் தேம்பி அழுதார். அதன்பின் வருடா வருடம் ஏற்றினார். அவளும் வருடா வருடம் சண்டை பிடித்தாள்.

எண்பத்தாறில் நெஞ்சுச்சளி முற்றி இறந்தார். அந்த இடத்திலேயே புதைத்தோம். அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கித்தேரியம்மாள் ஒரே ஒரு மெழுகுவத்தியோடு வந்தாள்.

"அக்கா, அந்தக் கப்பல் ஆளுகளுக்கு?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து அந்த ஒன்றை ஏற்றினாள்.

"அவுகளுக்கு எடம் ஏது தம்பி? இப்ப எம் புருசனுல்ல இங்க படுத்திருக்காரு."