வெட்டுப்பட்ட புகாரின் மீதி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் பிழைப்பவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, ஆனால் இது நடந்தது.

திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு, தொழிலாளிகள் செல்போனிலேயே புகார் எழுதி அனுப்புகிற ஆப் செய்து கொடுத்தோம். நாம் எழுதும் நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓஆர்எம் என்று ஒன்று இருக்கும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு எழுத்து பிடிக்கும் என்று அதில்தான் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் எங்கள் ஓஆர்எம் தானாக இருநூற்று ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளும். புகார்க் கட்டத்தை எங்கள் மேனேஜர் அப்படியே விட்டிருந்தார். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும், நாலு வரிக்குள் தீர்ந்துபோகும். மிச்சத்தை டேட்டாபேஸ் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அது எங்கேயும் இருக்காது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு ஆன்டனி அண்ணன் அந்த யார்டில்தான் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுவார். ஒருநாள் தெருவிலேயே என்னை நிறுத்தினார்.

"இன்னாமா உங்க ஆப்பு? கிரேன் கம்பிய பத்தி எய்துனேன், பாதியிலயே நின்னுகினு கீது. மீதி எங்க போச்சு?"

மறுநாளே மேனேஜரிடம் சொன்னேன், நீளத்துக்கு வரம்பில்லாத டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிடலாம், ஒரு வரி வேலை என்று. "இவங்க புலம்பலை யாரும்மா படிக்கப் போறாங்க? சுருக்கமா எழுதச் சொல்லுங்க" என்றார். நான் மாற்றி அனுப்பியதையும் நிராகரித்தார்.

அந்தக் கம்பி அறுந்தது. கன்டெய்னர் விழுந்து ஆன்டனி அண்ணன் போய்விட்டார்.

விசாரணையில் அவர் புகாரை எடுத்தார்கள். எந்த ஷிப்ட், யாரிடமெல்லாம் வாயால் சொல்லிப் பார்த்தார் என்று நாலு வரி போய், "மூணாவது கிரேன் கம்பி" என்பதோடு நின்றிருந்தது. கம்பிக்கு என்ன என்று அவர் சொல்லவே இல்லையே என்றது யார்டு நிர்வாகம். அதற்கப்புறம்தான், பாருங்கள், மேனேஜருக்கு ஞானம் வந்து என்னை மாற்றச் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்து, ஆபீஸ் நிறைய ஆட்கள் இருந்தபோதுதான் மாற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஆன்டனி அண்ணனுடைய புகாரைத் திறந்தேன்.

முழுசாக இருந்தது.

கம்பி பிரிந்துகொண்டு வருகிறது, நாங்கள் கீழே நிற்கிறோம், எங்கள் உசுரு போனால் யார் பதில் சொல்வது என்று போய், கடைசியில் ஒரு வரி: "கீழ நான் மட்டும் இல்ல, இன்னொருத்தனும் கீறான், அவனையும் தேடுங்க."

மேனேஜரைக் கூப்பிட்டேன். படித்தார். "நீயே டைப் பண்ணிட்டு என்னை மாட்டிவிடப் பாக்கறியா?" என்று கத்தி, பழைய காப்பியிலிருந்து வெட்டுப்பட்டதையே திரும்பப் போட்டுவிட்டார். போட்டோ எடுத்திருக்கலாமே என்பீர்கள். அது எனக்குத் தோன்றுவதற்குள் திரையில் பழையது வந்துவிட்டது.

சாயந்திரம் அண்ணன் மனைவி செல்வி அக்காவிடம் சொன்னேன். அழாமல் கேட்டார்.

"ஆமா தங்கச்சி, எய்திட்டு எனக்கு படிச்சுக் காமிச்சாரு. உசுரு போனா யாரு பதில் சொல்றதுன்னு முடிச்சாரு. அதுக்கப்பால ஒண்ணும் இல்லியே."

அன்று கீழே நின்றது ஆன்டனி மட்டும்தான், வருகைப் பதிவில் வேறு பெயரே கிடையாது என்றது நிர்வாகம். மேற்கொண்டு யாரும் தேடவில்லை. நான் வேலையை விட்டேன், அதனால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். யார்டு கேட்டுக்குப் பக்கத்து வேலிக் கம்பியில் ஒரு டிபன் பாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது, துருப்பிடித்து. யாருடையது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"தெர்லமா. கன்டெய்னர் விய்ந்தன்னிக்கு காலைல எவனோ மாட்டிட்டு உள்ள போனான். எடுக்கவே வரல."