சாக அனுமதி இல்லாத பேரரசர்

எங்கள் சங்கத்தில் யார் எப்போது சாக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. நெப்போலியன் பிரான்சில் எங்கள் ஷாம்பெய்ன் மண்ணில் கடைசியாக ஜெயித்த சண்டைகளில் ஒன்றை வருடாவருடம் ஊருக்கு வெளியே புல்வெளியில் நடித்துக் காட்டுகிறோம். அசல் சண்டை பிப்ரவரிச் சேற்றில் நடந்தது. நாங்கள் ஜூனில் நடத்துகிறோம். பிப்ரவரியில் எவன் வருவான்? காலையிலேயே வீரர்கள் என்னை மொய்த்துக்கொள்வார்கள். "முதல் வெடியிலேயே என்னைச் சாகடிச்சிடு, முட்டி வலி உயிர் போகுது." எல்லோருக்கும் வில்லோ மரத்து நிழலில்தான் சாக வேண்டும்.

சாகவே கூடாதவன் ஒருவன்தான். பேரரசராக நடிக்கும் ஆன்செல்ம். என்னோடு பள்ளியில் படித்தவன், குழாய் ரிப்பேர் செய்கிறவன். குள்ளம், நல்ல தொப்பை. அவன் மச்சான் நொர்பேர்தான் சங்கத் தலைவர். ஒரு கல்யாண விருந்தில் விளையாட்டாக அவன் தலையில் நெப்போலியன் தொப்பியைக் கவிழ்த்தார். அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான்.

அதற்கப்புறம் அவன் வாயில் சொந்தப் பேச்சே வரவில்லை, எல்லாம் நெப்போலியன் வசனம்தான். அடைத்துக்கொண்ட தொட்டியைக் காட்டி, சரிசெய்ய முடியுமா என்று கேட்டால், "மேடம், முடியாதுங்கிறது பிரெஞ்சு வார்த்தையே இல்ல" என்பான். இன்னொரு சாசேஜுக்குத் தட்டை நீட்டும்போது, "படை வயித்தாலதான் நடக்கும்" என்பான். அவன் மனைவி ஒதீல் என்னிடம் பொருமுவாள்: "தோத்துப்போய் தீவுல கிடந்து செத்தவன் சொன்னதையெல்லாம் சூப் ஊத்திக்கிட்டே நான் கேக்கணும். என் தலையெழுத்து!"

போன குளிர்காலத்தில் ஆன்செல்முக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வெயிலில் கம்பளிக் கோட்டு, குதிரை எல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒதீல் தன் அண்ணன் நொர்பேர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இந்த வருஷம் வேற ஆளைப் பாரு."

"போஸ்டர் அடிச்சாச்சு தங்கச்சி, அவன் மூஞ்சியைப் போட்டு. மாப்ளயே வேணாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்."

மாப்பிள்ளை சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பாழாய்ப்போன வசனம்தான் வந்தது: "முடியாதுங்கிறது..." ஒதீல் கரண்டியை வீசிவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் பேரரசருக்கு ஐரோப்பா முழுவதும் வேண்டியிருந்தது. இவனுக்கு வேண்டியது புல்லில் ஆறடி இடம். ஆனால் அதைக் கேட்கக் கூச்சம்.

சண்டை நாளன்று ஸ்டூல் போட்டு அவனைக் குதிரைமேல் ஏற்றினோம். பீரங்கிப் புகை, கொளுத்தும் வெயில். அவன் முகம் வெளுப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வெடி வெடித்ததும் சேணத்திலிருந்து வழுக்கி இறங்கி, தொப்பென்று குப்புற விழுந்தான்.

எதிரிப் படை துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டது. படைக்கு பிராந்தி ஊற்றும் பெண் வேடத்தில் இருந்த ஒதீல், இடுப்பில் பீப்பாய் குலுங்க இரண்டு படைகளுக்கும் நடுவே ஓடினாள். நானும் ஓடினேன்.

அவனைப் புரட்டிப் போட்டுக் கன்னத்தில் தட்டினாள். "ஆன்செல்ம்! ஆன்செல்ம்!"

ஒரு கண் திறந்தது. "கத்தாத. எனக்கு ஒண்ணும் இல்ல. செத்துட்டேன், அவ்ளோதான்."

"என்னது?"

"குண்டு பட்டுடுச்சு. இனிமே குதிரை ஏற மாட்டேன். என்னால முடியல, ஒதீல்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அங்கேயே உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அதற்குள் நொர்பேர் ஒலிபெருக்கியில் கதற ஆரம்பித்தார்: "மாப்ள, எழுந்திரு! நாமதான் ஜெயிக்கணும்!" கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிரஷ்யத் தளபதியாக நின்ற பேக்கரிக்காரர் மெதுவாக வந்து என் காதில், "அப்ப நாங்க ஜெயிச்சிட்டமா?" என்று கேட்டார்.

ஒதீல் புருஷனின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலித்திருக்கும். பிறகு பீப்பாயைக் கழற்றி ஒரு வாய் பிராந்தி குடித்தாள், ஷூவை உதறினாள்.

"தள்ளிப் படு," என்றாள். "நானும் செத்துக்கறேன்."